அடுப்பில் ஏறாத தக்காளி: பீடோர் வெயிலில் ஒரு பாஸ்தா

இந்தப் பாஸ்தாவில் தக்காளி அடுப்பில் ஏறுவதே இல்லை. நன்றாகப் பழுத்த தக்காளியைப் பிசைந்து, உப்பும் வெள்ளைப்பூண்டும் ஆலிவ் எண்ணெயும் சேர்த்து ஊற வைக்க வேண்டும். வெந்த ஸ்பகெட்டியை ஆவி பறக்க அதன்மேல் கொட்டிப் புரட்டினால் சாப்பாடு தயார். இத்தாலியின் தென்கோடியில், குறிப்பாகப் பூலியா பக்கத்தில், ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில் வீடுகளில் செய்யும் உணவு இது. 'க்ருடையோலா' என்று அங்கே பெயர். தக்காளி செடியிலேயே சிவந்து கனியும் பருவமும், அடுப்படியில் நிற்க முடியாத பருவமும் அந்த ஊரில் ஒன்றாக வந்து சேர்கின்றன. அந்த இரண்டுக்கும் பிறந்த சமையல் இது.

மலேசியாவின் பீடோரில் எங்களுக்குக் கோடை என்று தனியாக ஒன்று கிடையாது. இருந்தாலும் பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை இங்கே இருந்து பார்த்தவர்களுக்குத் தெரியும், பிற்பகலில் செம்பனை (எண்ணெய்ப் பனை) ஓலை ஒன்றுகூட அசையாது. நாங்கள் இருப்பது தோட்டத்தை ஒட்டிய வரிசை வீடு. அடுப்படிக்கு மேலே தகரக் கூரை. மாலை ஐந்து மணிக்கும் அந்தத் தகரம் கொதித்துக்கொண்டிருக்கும். அதன் கீழே நின்று வெங்காயம் வதக்கி, தக்காளி வதக்கி, எண்ணெய் பிரியும் வரை கிளறுவது என்றால் சமைத்து முடிப்பதற்குள் பசியே போய்விடும். தண்ணீரைக் கொதிக்க வைப்பதோடு அடுப்பு வேலை முடிந்துவிடும் ஓர் உணவு இந்த வெயிலுக்கு எவ்வளவு பெரிய ஆறுதல் என்று சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

நான் இதைக் கற்றது திருமணத்துக்கு முன்பு, ஈப்போவில் ஓர் இத்தாலிய உணவகத்தின் சமையலறையில் வேலை பார்த்த காலத்தில். வாடிக்கையாளர்களுக்கான பட்டியலில் இந்த உணவு இருந்ததில்லை. மதியக் கூட்டம் ஓய்ந்த பிறகு, இரவு வேளை வரை தாங்காது என்று ஒதுக்கிய தக்காளிகளைத் தலைமைச் சமையல்காரர் எடுப்பார். தொட்டாலே குழையும் அளவுக்குப் பழுத்தவை அவை. எங்கள் எல்லோருக்கும் அவற்றில் இதைச் செய்து போடுவார். காலை முதல் நெருப்பின் முன்னால் நின்றவர்களுக்கு மறுபடி ஒரு வாணலியை ஏற்றும் எண்ணமே இராது. பெரிய எஃகுப் பாத்திரத்தைச் சுற்றி நின்றபடியே சாப்பிடுவோம். விலைக்கு விற்ற எந்தப் பாஸ்தாவைவிடவும் அதுதான் எனக்குப் பிடித்திருந்தது. அந்தச் சமையலறையிலேயே ஆகப் பழுத்த தக்காளி எங்கள் தட்டுக்குத்தான் வந்தது என்பதே அதற்குக் காரணம்.

ஆகவே இதைச் செய்ய நினைப்பவர்களுக்கு முதலில் சொல்ல வேண்டியது தக்காளியைப் பற்றித்தான். வாங்கிய அன்றே செய்யாதீர்கள்.

நமக்குக் கிடைக்கும் தக்காளி பெரும்பாலும் கேமரன் மலையிலிருந்து வருவது. எங்களுக்கு அடுத்த ஊரான தாப்பாவிலிருந்துதான் ரிங்லெட், தானா ராத்தா என்று மலைப்பாதை ஏறுகிறது. 1930களின் தொடக்கத்திலிருந்து வண்டி ஓடும் பாதை அது. வளைவுக்கு மேல் வளைவாக லாரியில் இறங்கும் தக்காளி நசுங்கக் கூடாது என்பதற்காகக் காய் முழுதும் சிவக்கும் முன்பே பறித்துவிடுகிறார்கள். தோலும் தடிப்பு. அவர்கள் மேல் குற்றம் சொல்ல முடியாது. செடியிலேயே கனிந்த தக்காளியை அந்தப் பாதையில் கொண்டுவந்தால் பாதி சாறாகத்தான் வந்து சேரும்.

நம் ஊரிலேயே வளர்க்கலாமே என்றால், சமவெளியில் பெரிய தக்காளி எளிதில் வராது. இரவிலும் வெப்பம் 21 டிகிரிக்குக் கீழே இறங்காவிட்டால் பெரும்பாலான ரகங்களில் பூ உதிர்ந்து காய் பிடிப்பது குறைந்துவிடும். பீடோரில் இரவிலும் அவ்வளவு குளிர்ச்சி ஏது? அதோடு மண்ணில் இருக்கும் பாக்டீரியாவால் வரும் வாடல் நோய் ஒன்று உண்டு. காலையில் பச்சைப் பசேலென்று நின்ற செடி வெயில் ஏறியதும் தொங்கிப் போகும், சில நாளில் முழுச் செடியும் போய்விடும். சிறிய செர்ரி தக்காளி மட்டும் வெப்பத்தை ஓரளவு தாங்கும். பக்கத்து வீட்டு அக்கா பழைய பெயின்ட் டின்களில் புது மண் போட்டு வளர்க்கிறார், கைநிறையக் காய்க்கிறது. அந்தத் தக்காளி கிடைக்கும் நாள்களில் எனக்கு வேறெதுவும் வேண்டாம்.

கடையில் வாங்குவதானால், இரவுச் சந்தையில் பெட்டியின் மேலே அடுக்கிய பளபளப்பான தக்காளியை விட்டுவிட்டு, பெட்டி முழுவதிலும் நிறத்தைப் பாருங்கள். காம்புப் பக்கம் பச்சையாக இருந்தாலும் அடிப்பக்கம் சிவக்கத் தொடங்கியிருந்தால் போதும், அது வீட்டில் பழுக்கும். முற்றிலும் பச்சையாக இருப்பது சில வேளை நிறம் மாறும், சுவை ஏறாது. சப்பென்று போகும். முகர்ந்து பார்க்கத் தயங்காதீர்கள். காம்பு இருந்த இடத்தில் மூக்கை வைத்தால் தக்காளிச் செடியின் வாசம் வர வேண்டும்.

வீட்டுக்குக் கொண்டுவந்ததும் காம்புப் பக்கம் கீழே இருக்கும்படி, ஒன்றின்மேல் ஒன்று படாமல், செய்தித்தாளில் பரப்பி வைக்கிறேன். எங்கே வைக்கிறோம் என்பதில்தான் நம் ஊருக்கே உரிய ஒரு சங்கதி இருக்கிறது. வெப்பம் 30 டிகிரிக்கு மேல் நீடித்தால் தக்காளிக்குச் சிவப்பு நிறம் தரும் லைக்கோபீன் சரியாக உருவாகாது. பழம் மெத்தென்று ஆகிவிடும், நிறமோ மஞ்சளும் ஆரஞ்சுமாக நின்றுவிடும். தகரக் கூரைக்குக் கீழே உள்ள அடுப்படி அதற்கு ஏற்ற இடம் இல்லை. நான் முன்கூடத்தில், சாமி அலமாரிக்குக் கீழே, சிமெண்டுத் தரையில் வைக்கிறேன். வீட்டில் ஆகக் குளிர்ச்சியான இடம் அதுதான். அவசரம் என்றால் காகிதப் பையில் பழுத்த வாழைப்பழம் ஒன்றோடு வைத்து வாயை மடித்துவிடலாம். பழம் வெளிவிடும் எத்திலீன் வாயு தக்காளியையும் சேர்த்துப் பழுக்க வைக்கும். என் மாமியார் மாங்காயை அரிசிக்குள் புதைத்துப் பழுக்க வைப்பதும் இதே வாயுவை வெளியே விடாமல் அடைத்து வைக்கும் உபாயம்தான்.

குளிர்பெட்டியில் மட்டும் வைக்க வேண்டாம். தக்காளியை 5 டிகிரி குளிரில் ஒரு வாரம் வைத்தால், மணம் தரும் பொருள்கள் உருவாவதே தடைபடுகிறது. வெளியே எடுத்து வைத்தாலும் அது முழுதாகத் திரும்புவதில்லை. 2016இல் புளோரிடா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இதை மரபணு அளவிலேயே காட்டினார்கள். குழம்புக்கு இது பெரிய விஷயம் இல்லை. புளியும் மல்லியும் சீரகமும் தாங்கிப் பிடித்துவிடும். தக்காளியின் சொந்த மணத்தை மட்டுமே நம்பிய உணவுக்கோ அந்த மணம்தான் உயிர்நாடி. முழுதும் பழுத்து, நாளைக்குத் தாங்காது என்ற நிலையில் இருந்தால் ஒரு நாள் உள்ளே வைக்கலாம். ஆனால் செய்வதற்குச் சில மணி நேரம் முன்பே வெளியே எடுத்துவிட வேண்டும்.

நான்கு பேருக்கு முக்கால் கிலோ தக்காளி, நானூறு கிராம் ஸ்பகெட்டி. பாஸ்தாவுக்கான தண்ணீரை முதலிலேயே ஏற்றிவிடுவேன். தக்காளியின் அடியில் குறுக்கும் நெடுக்கும் மெல்லக் கீறி, அந்தக் கொதிநீரிலேயே இருபது விநாடி போட்டு எடுத்தால் கீறிய இடத்தில் தோல் சுருண்டு வரும், கையாலேயே உரித்துவிடலாம். மலைத் தக்காளியின் தடித்த தோல் ஊறினாலும் மெத்தென்று ஆகாது, பல்லில் சுருளும். அதனால் இந்த வேலையை நான் விடுவதில்லை. செர்ரி தக்காளியானால் உரிக்க வேண்டியதே இல்லை, இரண்டாக நறுக்கினால் போதும்.

விதையை எடுத்துவிடச் சொல்கிறவர்கள் உண்டு. என் கருத்து அதற்கு நேர்மாறு. விதையைச் சுற்றி வழவழவென்று இருக்கிறதே ஒரு கூழ், தக்காளியின் சுவையில் பெரும்பங்கு அதில்தான் இருக்கிறது. நாக்குக்கு ஆழமான ருசி தரும் குளுட்டமேட், சதையைவிட அந்தக் கூழில் அதிகம். அஜினோமோட்டோவின் சுவைக்கு அடிப்படையும் அந்தக் குளுட்டமேட்தான். பணம் கொடுத்து வாங்கிய ருசியைத் தொட்டியில் கழுவி விடுவானேன்?

தக்காளியை நறுக்குவதா பிசைவதா என்பதில் எனக்குப் பாடம் சொன்னவர் என் மாமியார். உணவகத்தில் கத்தியால் சிறு சிறு சதுரமாக நறுக்கித்தான் பழக்கம். இங்கே வந்து முதன்முதலாக இதைச் செய்ய எடுத்து வைத்தபோது அத்தை பக்கத்தில் வந்து நின்றார்.

"ஏம்மா, இந்தத் தக்காளியை வதக்கப் போவதில்லையா?"

"இல்லை அத்தை, இப்படியே ஊறினால் போதும்."

"எண்ணெய் பிரியாமல் எப்படியம்மா சாப்பிடுவது?"

அவர் கேட்டதில் நியாயம் இருந்தது. நம் சமையலில் வேகாத தக்காளிக்குப் பச்சை வாசனை என்று பெயர். அது போகும் வரை வதக்குவதுதான் முறை. நான் பதில் சொல்வதற்குள் அவரே பாத்திரத்தை எட்டிப் பார்த்துவிட்டு, "பச்சைப்புளி ரசம் மாதிரியா?" என்று கேட்டார். அதற்குமேல் விளக்க வேண்டியிருக்கவில்லை. அத்தை பால்மரம் (ரப்பர் மரம்) வெட்டப் போன காலத்தில் விடியும் முன்பே நெற்றி விளக்கோடு கிளம்ப வேண்டும். விறகடுப்பு மூட்ட நேரம் இராது. ஊற வைத்த புளியில் சின்ன வெங்காயம், பச்சைமிளகாய், உப்பு, மல்லித்தழை போட்டுக் கையாலேயே பிசைந்து சோற்றில் ஊற்றிக்கொள்வார்களாம். அடுப்பே பார்க்காத ரசம் அது. வேகாததும் அரைவேக்காடும் வேறு என்பது அவருக்குத் தெரிந்திருந்தது.

கத்தியை என் கையிலிருந்து வாங்கி ஓரமாக வைத்துவிட்டு, உரித்த தக்காளியைப் பாத்திரத்துக்குள் பிடித்து விரல்களால் மெல்ல நெரித்தார். சாறு தெறிக்காமல் இருக்க இடது கையை மேலே கவித்துக்கொண்டார். சில துண்டுகள் பெரிதாகவும், சில நார்நாராகவும், நடுவே சாறுமாக வந்தது. கத்தியால் வெட்டிய சதுரங்கள் ஸ்பகெட்டியில் ஒட்டாமல் தட்டின் அடியில் போய்த் தங்கும். கையால் பிசைந்தது இழைகளில் சிக்கிக்கொள்கிறது. அன்று முதல் எங்கள் வீட்டில் இதுதான் முறை. காம்புக்கு அடியில் இருக்கும் வெள்ளைக் கட்டியை மட்டும் கத்தி நுனியால் எடுத்துவிடுகிறேன்.

முக்கால் கிலோ தக்காளிக்கு ஒன்றரைத் தேக்கரண்டி தூள் உப்பு போடுகிறேன். போட்டுக் கிளறும்போது கொஞ்சம் அதிகம்போல் தோன்றும். ஆனால் உப்பு சாற்றை இழுத்து வெளியே கொண்டுவரும், அந்தச் சாறுதான் பாஸ்தாவின் குழம்பு. அரை மணி நேரத்தில் பாத்திரத்தின் அடியில் இளஞ்சிவப்பாகத் தேங்கி நிற்பதைப் பார்க்கலாம். சிலர் நீர்த்துவிட்டது என்று அதை வடித்துக் கொட்டிவிடுவார்கள். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். தக்காளி கொஞ்சம் புளிப்பாக அமைந்துவிட்டால் ஒரு சிட்டிகை சர்க்கரை போடலாம், தவறில்லை. ஊற வைப்பது அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம். இந்த வெயிலில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் வெளியே வைப்பது கூடாது.

இனி வெள்ளைப்பூண்டு. இந்த உணவு நன்றாக அமைவதும் கெடுவதும் பூண்டால்தான் என்று நான் நம்புகிறேன். இத்தாலிய வீடுகளில் பல விதமாகச் செய்கிறார்கள். முழுப் பல்லைத் தட்டித் தக்காளியில் ஊறப் போட்டு, கடைசியில் எடுத்துவிடுவது ஒரு விதம். பச்சையாகவே நைத்துக் கலந்துவிடுவது இன்னொரு விதம். பூண்டை நசுக்கும்போதுதான் அதன் காரம் பிறக்கிறது. முழுப் பல்லுக்குள் தனித்தனியாக இருக்கும் இரண்டு பொருள்கள் செல் உடைந்ததும் சந்தித்து அல்லிசின் ஆகின்றன. எவ்வளவு நைகிறதோ அவ்வளவு காரம். ஒரே பல்லை மெல்லிய வில்லையாக அரிந்தால் ஒரு சுவை, அம்மியில் வைத்து நைத்தால் முற்றிலும் வேறு சுவை. குழந்தைகள் சாப்பிடுவதாக இருந்தால் நைத்த பூண்டைக் குறைத்துக்கொள்ளுங்கள்.

நான் இரண்டையும் கலந்து செய்கிறேன். நான்கு பேருக்கு ஐந்து பல். ஒரே ஒரு பல்லைக் கல் உப்போடு சேர்த்து நைத்துத் தக்காளியில் போட்டுவிடுகிறேன். மற்ற நான்கையும் காகிதம்போல் மெல்லிசாக அரிந்து, சிறிய வாணலியில் ஏழு மேசைக்கரண்டி ஆலிவ் எண்ணெயில் போட்டு, பிறகுதான் அடுப்பைப் பற்ற வைப்பேன். எண்ணெயைக் காய வைத்துவிட்டுப் பூண்டைப் போடுவது நம் தாளிப்புப் பழக்கம். கடுகுக்கு அது சரி. பூண்டு வில்லைக்கு அது கூடாது. ஓரம் கருகும், நடுவில் வேகாது.

தீ மிகச் சிறியதாக இருக்க வேண்டும். வாணலியை விட்டு நகராமல் பாருங்கள். முதலில் எதுவும் நடக்காது. பிறகு ஒவ்வொரு வில்லையைச் சுற்றியும் ஊசிமுனை அளவில் குமிழ்கள் கிளம்பும். பூண்டில் இருக்கும் நீர் வெளியேறுகிறது. அந்தக் குமிழ்கள் இருக்கும் வரை பூண்டு சிவக்காது, மெல்ல மெத்தென்று ஆகும். வாசனை வீடெல்லாம் பரவும். சிறிது நேரத்தில் குமிழ்கள் அடங்கத் தொடங்கும். கண் சிமிட்டாமல் பார்க்க வேண்டிய இடம் இதுதான். வில்லையின் ஓரத்தில் வைக்கோல் நிறம் தெரிந்ததும் அடுப்பை அணைத்து, வாணலியையும் அடுப்பிலிருந்து இறக்கிவிட வேண்டும். எண்ணெயின் சூடு இன்னும் கொஞ்ச நேரம் வேலை செய்துகொண்டே இருக்கும். பொன்னிறம் வரட்டும் என்று காத்திருந்தால் இறக்கிய பிறகு பழுப்பாகிக் கசந்துவிடும். கசந்த பூண்டு எண்ணெயை எதனாலும் சரிசெய்ய முடியாது. கொட்டிவிட்டுப் புதிதாகச் செய்வதே நல்லது. எண்ணெய் கை பொறுக்கும் சூட்டுக்கு வந்ததும் பூண்டோடு சேர்த்துத் தக்காளியில் ஊற்றிக் கலக்க வேண்டும்.

பூண்டு எண்ணெய் நன்றாக இருக்கிறது என்று நிறையச் செய்து பாட்டிலில் அடைத்து அலமாரியில் வைக்கும் ஆசை சிலருக்கு வரும். கண்டிப்பாக வேண்டாம். காற்றுப் புகாத எண்ணெய்க்குள் கிடக்கும் பூண்டில் போட்டுலிசம் என்னும் நோயைத் தரும் கொடிய நச்சை உண்டாக்கும் பாக்டீரியா வளர முடியும். நிறமோ வாசனையோ மாறாது. நம் நாட்டு வெப்பம் அதற்கு மிகவும் தோது. மிஞ்சினால் உடனே குளிர்பெட்டியில் வைத்து நான்கு நாளுக்குள் தீர்த்துவிடுங்கள்.

செம்பனை நடுவே வாழ்ந்துகொண்டு ஆலிவ் எண்ணெய் எதற்கு என்று என் வீட்டுக்காரர் கேட்டார். அவர் எண்ணெய் ஆலையில் வேலை பார்ப்பவர், கேட்க உரிமை உள்ளவர். பொரிக்கவும் தாளிக்கவும் நானும் செம்பனை எண்ணெயைத்தான் பயன்படுத்துகிறேன். கடையில் வாங்கும் சமையல் எண்ணெய்க்குச் சுத்திகரிப்பில் மணமும் நிறமும் நீக்கப்பட்டிருக்கும், பொரிப்பதற்கு அது நல்லது. இந்தப் பாஸ்தாவிலோ எண்ணெய் வேகாமல் நேரே நாக்குக்கு வருகிறது, அதற்கென்று ஒரு சுவை இருந்தாக வேண்டும். நல்லெண்ணெயும் தேங்காயெண்ணெயும் தக்காளியை அமுக்கிவிடுகின்றன. எக்ஸ்ட்ரா வெர்ஜின் ஆலிவ் எண்ணெய் விலை கூடத்தான். சிறிய பாட்டிலாக வாங்கி, இதற்கும் சாலட்டுக்கும் மட்டும் என்று ஒதுக்கி, வெளிச்சம் படாத அலமாரியில் வைத்துக்கொண்டால் கட்டுப்படியாகும்.

இலைக்கு இத்தாலியர்கள் பேசில் போடுவார்கள். நம் ஊர்த் திருநீற்றுப் பச்சிலையும், மலாய்க்காரர்களின் சிலாசேயும் அதே தாவர இனம்தான். இங்குள்ளதில் சோம்பு வாசனை சற்றுத் தூக்கலாக இருக்கும், அவ்வளவே. துளசி மட்டும் வேண்டாம். அதில் கிராம்பின் வாசனை முன்னே நிற்கும், தவிர வீட்டு மாடத்தில் பூசைக்கு வைத்த இலையைப் பறித்துச் சமைக்க என் மனம் ஒப்பாது. இலையைக் கத்தியால் நறுக்காமல் கையால் கிள்ளி, கடைசியில் போடுங்கள். காரத்துக்குச் சிலி பாடி என்னும் சிறு காரமிளகாய் ஒன்றை நீளமாகக் கீறித் தக்காளியோடு ஊற வைக்கிறேன். இத்தாலியின் கலாப்ரியா பகுதிக்காரர்கள் நம்மைப்போலவே மிளகாய்ப் பிரியர்கள், ஆகவே இது ஒன்றும் புதுமை இல்லை. கறிவேப்பிலை போட்டால் என்ன என்று கேட்பார்கள். பூண்டு எண்ணெயில் பொரித்துப் போட்டால் நன்றாகவே இருக்கும், ஆனால் அது வேறு உணவு.

ஸ்பகெட்டி வாங்கும்போது உறையில் டியூரம் கோதுமை ரவை என்று இருக்கிறதா பாருங்கள். இத்தாலியில் விற்பதற்காக அங்கே செய்யப்படும் உலர் பாஸ்தா டியூரம் கோதுமையில்தான் இருக்க வேண்டும் என்று 1967இல் சட்டமே போட்டார்கள். சாதாரண கோதுமையில் செய்தது சீக்கிரம் குழைந்து தண்ணீரைக் கஞ்சியாக்கிவிடும். புரட்டாசி மாதத்திலும் வெள்ளிக்கிழமையிலும் சைவம் இருப்பவர்கள் முட்டை சேர்த்ததா என்றும் பார்த்துக்கொள்ள வேண்டும். உலர் ஸ்பகெட்டியில் பெரும்பாலும் முட்டை இருப்பதில்லை.

நூறு கிராம் பாஸ்தாவுக்கு ஒரு லிட்டர் தண்ணீர், பத்து கிராம் உப்பு என்பது இத்தாலியர்களின் கணக்கு. நான் நானூறு கிராமுக்கு மூன்று லிட்டரில் முடித்துவிடுகிறேன். தண்ணீர் சீக்கிரம் கொதிக்கும், அடுப்படியும் அவ்வளவாகக் காயாது. தக்காளியில் ஏற்கெனவே உப்பு இருப்பதால் தண்ணீரில் இரண்டு மேசைக்கரண்டி கல் உப்பு போதும். தண்ணீரில் எண்ணெய் ஊற்ற வேண்டாம். போட்ட முதல் இரண்டு நிமிடம் நன்றாகக் கிளறிவிட்டாலே ஒட்டாது. தக்காளிப் பாத்திரம் கொதிக்கும் பானையின் வாயில் உட்காரும் அளவாக இருந்தால், பாஸ்தாவைப் போடும் முன்பு ஓரிரு நிமிடம் அதன்மேல் வையுங்கள். ஆவியில் தக்காளி இளஞ்சூடாகும், பாஸ்தாவைக் கொட்டும்போது சட்டென்று ஆறிப் போகாது.

மற்றப் பாஸ்தாக்களில் முக்கால் வேக்காட்டில் எடுத்து, மீதியைக் குழம்பில் வேக விடுவார்கள். இங்கே குழம்புக்கு அடுப்பு இல்லை, ஆகவே தண்ணீரிலேயே சரியான பதம் வந்துவிட வேண்டும். உறையில் போட்ட நேரத்துக்கு ஒரு நிமிடம் முன்பிருந்தே ஓர் இழையை எடுத்துக் கடித்துப் பாருங்கள். நடுவில் தெரியும் வெள்ளைப் புள்ளி மறைந்ததும் எடுத்துவிடலாம். பல்லுக்குக் கொஞ்சம் தட்டுப்பட வேண்டும். மீகூன் என்னும் அரிசிச் சேமியாபோல் குழைய விடக் கூடாது. வடிக்கும் முன்பு ஒரு குவளைத் தண்ணீரை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

வடித்ததும் குழாயடியில் காட்டாமல் அப்படியே தக்காளியில் கொட்ட வேண்டும். இரண்டு கரண்டி பாஸ்தாத் தண்ணீரும் சேர்த்து, அடியிலிருந்து மேலாக ஒரு நிமிடம் நன்றாகத் தூக்கித் தூக்கிப் புரட்டுங்கள். முதலில் சாறு தனியாக, எண்ணெய் தனியாக அடியில் ஓடும். தண்ணீரில் இருக்கும் மாவுச்சத்து மெல்ல இரண்டையும் பிடித்துக்கொள்ளும், இழைகள்மேல் பளபளவென்று பூச்சு ஏறும். தக்காளியின் வாசனை குப்பென்று எழும்பும்போது இலையைக் கிள்ளிப் போட்டு உடனே பரிமாற வேண்டும்.

மேலே தூவும் சீஸ் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். பார்மிஜானோ ரெஜ்ஜானோ என்னும் பெயர்பெற்ற சீஸைக் கன்றுக்குட்டியின் இரைப்பையிலிருந்து எடுக்கும் ரென்னெட்டால்தான் உறைய வைக்கிறார்கள். மாட்டிறைச்சி உண்ணாத குடும்பங்களில் பலருக்கு இது தெரியாது. எங்கள் வீட்டில் அத்தை அதைத் தொடமாட்டார். தெரிந்துகொண்டே நான் போடவும் மாட்டேன். சைவ ரென்னெட்டில் செய்த சீஸ் பெரிய கடைகளில் கிடைக்கிறது. ஆனால் இந்த உணவுக்கு அதைவிடப் பொருத்தமான ஒன்று தென் இத்தாலியின் ஏழை வீடுகளிலேயே இருந்திருக்கிறது: வறுத்த ரொட்டித் தூள். சீஸ் வாங்க வசதி இல்லாதவர்கள் அதைத்தான் தூவினார்கள். மோட்டார் சைக்கிளில் வரும் ரொட்டிக்காரரிடம் வாங்கிய ரொட்டி, மறுநாள் காய்ந்து போனதும் கையால் உதிர்த்து, ஒரு கரண்டி ஆலிவ் எண்ணெயில் சிறு தீயில் மொறுமொறுப்பாக வறுத்து வைத்துக்கொள்கிறேன். தட்டில் போட்ட பிறகு தூவ வேண்டும். முன்னதாகவே கலந்தால் ஊறிப் போகும். தக்காளியின் புளிப்புக்கும் அந்த மொறுமொறுப்புக்கும் அப்படி ஒரு பொருத்தம். என் மகள் பாஸ்தாவைவிட அதைத்தான் அதிகம் கேட்டு வாங்குகிறாள்.

வேலைக்குக் கட்டிக் கொடுக்க இது உகந்ததல்ல. விடியற்காலையில் பிசைந்த தக்காளி மதியம் வரை வண்டியில் வெந்துகொண்டிருந்தால் உடம்புக்கு ஆகாது. கட்டிக் கொடுக்க வேண்டிய நாளில் தக்காளியைப் பூண்டு எண்ணெயில் கொதிக்க வைத்து, பென்னே போன்ற குட்டைப் பாஸ்தாவில் கலந்து, ஆவி போன பிறகு மூடுகிறேன். அதுவும் மதியத்துக்குள் சாப்பிட்டுவிட வேண்டும்.

அக்டோபர், நவம்பரில் மலையில் மழை பிடித்துக்கொண்டால் தக்காளி வெளிறி, நீர்த்து வருகிறது. பிளாஸ்டிக் கூரை போட்டு வளர்த்தாலும் வெயில் வேண்டும் அல்லவா? எவ்வளவு நாள் பரப்பி வைத்தாலும் அதில் அந்த வாசனை ஏறுவதில்லை. அந்த மாதங்களில் பெயின்ட் டின் செர்ரி தக்காளி கிடைத்தால் மட்டுமே இதைச் செய்கிறேன். கிடைக்காவிட்டால், கடைத் தக்காளியை மிளகும் சீரகமும் தட்டிப் போட்டு ரசம் வைத்துவிடுகிறேன்.